பி.இ. முடித்தவருக்கு முதல் சம்பளம் எவ்வளவு? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. மே மாதம் பிறந்தால் பர்கூர், செட்டிக்கரை, ஓசூர் கல்லூரிகளில் கடைசி ஆண்டு முடித்த தம்பிகளும் தங்கைகளும் போன் செய்கிறார்கள். சில நேரம் அவர்களுடைய அப்பா அம்மா. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் வரும் உள்ளூர் சம்பளத் தொகைகள் எங்கள் வட்டாரத்தில் பேசப்படும் நிலவரம். கம்பெனிக்குக் கம்பெனி கூடும், குறையும். சட்டம் சொல்லும் தொகைகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நேரா சொல்லுங்க அண்ணா, ஃப்ரெஷருக்கு எவ்வளவு தருவாங்க?

சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு, நடுத்தர உதிரிபாகக் கம்பெனிகளில் பிடித்தத்துக்கு முன் மாதம் 14,000 முதல் 20,000 வரை. பெரிய ஆலைகள் நேரடியாக எடுக்கும் ஜி.இ.டி. வேலைக்கு, அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளருக்கு, ஆண்டுக்கு 3 லட்சத்தில் தொடங்கி 5 லட்சம் வரை. அதற்கு மேல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கல்லூரியில் அவர்கள் நான்கைந்து பேர்தான். அவர்கள் படம்தான் கல்லூரி வாசல் பேனரில் வரும்.

ஐ.டி. பக்கம் தொகை ஊரறிந்தது. கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும் நிலையில் டி.சி.எஸ். 3.36 லட்சம், விப்ரோ 3.5 லட்சம், இன்ஃபோசிஸ் 3.6 லட்சம், காக்னிசன்ட் 4 லட்சம். தனித் தேர்வு வைத்து எடுக்கும் மேல்நிலை வேலைகளுக்கு 7 லட்சமும் அதற்கு மேலும் உண்டு. இந்த 3 லட்சத்துச் சில்லறை பத்தாண்டுக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. அரிசி, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் நகர்ந்துவிட்டன. காரணம் எளிது: அந்தச் சம்பளத்துக்கும் வர ஆள் வரிசையில் நிற்கிறது.

2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் 2.52 லட்சம்தான் தருகிறது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கும். அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கான வேலை. பொறியாளர்களுக்கு 4 லட்சத்திலிருந்து என்று கம்பெனியே விளக்கம் கொடுத்தது. விளக்கத்தை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

ஆஃபர் லெட்டரில் 3.60 லட்சம் என்று இருக்கிறது. மாதம் 30,000 வருமா?

வராது. அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

லெட்டரில் இருக்கும் அந்தத் தொகை சி.டி.சி., அதாவது உங்களால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வராததும் அதில் அடங்கும். ஒரு மாதிரி லெட்டரைப் பிரித்துப் பார்ப்போம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 15,000. கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடை (வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி) என்று ஆண்டுக்கு 8,654 எழுதியிருப்பார்கள்; பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் வரும் தொகை அது. மருத்துவக் காப்பீட்டுக்கு 6,000. வேரியபிள் 30,000, அதாவது கம்பெனியும் நீங்களும் நன்றாகச் செய்தால் ஆண்டு முடிவில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இவற்றைக் கழித்தால் 3,60,000-இல் மிஞ்சுவது 2,93,746. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 24,480. இதுதான் கிராஸ், பிடித்தத்துக்கு முந்திய மாதச் சம்பளம். இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதக் கணக்கில் 208 ரூபாய். கடைசியில் பேங்க்கில் ஏறுவது 22,470 வாக்கில்.

முப்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இருபத்திரண்டாயிரம் வாங்கி வந்தால் அப்பா சந்தேகப்படுவார். முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு.

அப்படியானால் பிடித்தமெல்லாம் நஷ்டமா?

பி.எஃப். நஷ்டம் இல்லை. நீங்கள் கட்டும் 12 சதவீதம் முழுவதும் உங்கள் கணக்கில் சேரும். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், 3.67 உங்கள் கணக்குக்கு வரும். 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்குத்தான் கட்டாயம் என்பதால் பல கம்பெனிகள் 1,800-உடன் நிறுத்திக்கொள்கின்றன.

கிராஸ் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னும் அரசு மருத்துவக் காப்பீடு வரும். உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25 சதவீதம். 18,000 வாங்குகிறவருக்கு 135 ரூபாய்தான் பிடித்தம். அதற்கு வீட்டில் உங்களை நம்பி இருப்பவர்களுக்கும் மருத்துவம் உண்டு. அப்பா அம்மா பெயரைச் சேர்க்காமல் விடுகிற பையன்கள் நிறைய. சேரும்போதே சேர்த்துவிடுங்கள்.

பணிக்கொடை மட்டும் பெரும்பாலோருக்கு எழுத்தில் உள்ள தொகைதான். நிரந்தர வேலையில் ஐந்தாண்டு இருந்தால்தான் அது கைக்கு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே உண்டு என்று மாற்றியிருக்கிறார்கள். அதே சட்டம் பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக்கூடாது என்கிற வகையில் கணக்கை மாற்றியிருக்கிறது. பேசிக்கை 6,000 என்று போட்டு மீதியை அலவன்ஸ் அலவன்ஸாக அடுக்கும் பழைய வித்தை இனி ஓடாது.

பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் 15,000தான் என்கிறார்கள். ஏன்?

யார் பெயரில் பேஸ்லிப் வரும் என்று கேட்டீர்களா? இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன், ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, குருபரப்பள்ளியில் டெல்டா என்று மாவட்டம் முழுக்கப் பெயர் பெற்ற ஆலைகள். இவ்வளவு பெரிய ஆலைகள் இருக்கும் வட்டாரத்தில் ஒரே கேட்டில் நுழைகிற நான்கு பேர் நான்கு விதமாக இருப்பார்கள். ஒருவர் ஆன்-ரோல், கம்பெனியின் சொந்த ஆள். இன்னொருவர் காண்ட்ராக்ட் ஏஜென்சியின் ஆள். மூன்றாமவர் அப்ரண்டிஸ். நான்காமவர் வேறொரு சப்ளையரின் ஆள், தரம் பார்க்க இங்கே உட்கார்த்தி வைக்கப்பட்டவர். நால்வரும் ஊரில் போய்ச் சொல்வது ஒரே கம்பெனிப் பெயர்தான்.

காண்ட்ராக்டில் சேர்வது தப்பு என்று சொல்லவில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டி, வேலையும் கற்றுத் தருகிற ஏஜென்சிகள் உண்டு. ஆனால் இரண்டாண்டு கழித்து வேறு இடத்துக்குப் போகும்போது உங்கள் அனுபவச் சான்றிதழில் ஏஜென்சி பெயர்தான் இருக்கும். சம்பள உயர்வும் அவர்கள் கையில். நிரந்தரம் செய்வோம் என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. அதனால் 22,000 காண்ட்ராக்ட், 18,000 ஆன்-ரோல் என்று இரண்டு வந்தால், நான் 18,000 பக்கம்தான் சாய்வேன். வீட்டில் அந்த நாலாயிரம் இல்லாமல் முடியாது என்றால் வேறு கதை, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். "சார், அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் எந்தப் பெயரில் வரும்?" இவ்வளவுதான் கேள்வி. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமன ஆணை கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டத்திலேயே இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்றால் சம்பளமா, உதவித்தொகையா?

உதவித்தொகை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 என்று 2019-இல் நிர்ணயித்தார்கள். அதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025-இல் மத்திய அப்ரண்டிஸ் குழு பரிந்துரைத்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. கம்பெனி அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்; பெரிய ஆலைகள் தருகின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எதுவும் கிடையாது.

ஓராண்டு முடிந்ததும் அரசுச் சான்றிதழ் வரும். படித்து முடித்து வீட்டில் சும்மா இருப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் ஓராண்டு அப்ரண்டிஸ், அடுத்து இன்னொரு பெயரில் ஓராண்டு டிரெய்னி, மறுபடி ஒன்று என்று இழுக்கிற இடத்தில் இரண்டாவது இழுப்பிலேயே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.

மெக்கானிக்கலுக்கு மவுசு போய்விட்டதா? எந்தப் பிரிவுக்கு இங்கே கூடுதல்?

எல்லா ஊரிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரிசையில் இன்றைக்கும் ஆள் தேடுவது மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ., மெக்கட்ரானிக்ஸ் பிரிவுகளுக்குத்தான். மின்சார ஸ்கூட்டரும் கைபேசி உதிரிபாகமும் வந்தபின் இ.இ.இ., இ.சி.இ. படித்தவர்களுக்கு முன்பைவிட நன்றாகவே கதவு திறந்திருக்கிறது. பி.எல்.சி. (மெஷினைத் தானாக ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி) புரோகிராம், மெயின்டனன்ஸ் தெரிந்த இ.இ.இ. பையன் ஒருவனுக்கு அதே வகுப்பில் படித்த மற்றவரைவிட மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாகக் கொடுக்கக் கம்பெனிகள் தயங்குவதில்லை. லைன் நின்றால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

இங்கே சம்பளத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண் மட்டும் இல்லை. இன்டர்வியூவில் நடப்பதைச் சொல்கிறேன். எதிரே இருப்பவர் ஒரு வெர்னியர் காலிப்பரையும் கடைந்த ஒரு துண்டையும் மேசையில் தள்ளி, "அளந்து சொல்லுப்பா" என்பார். மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர் என்று வாய் சொல்லும். ஆனால் எந்தக் கோடு எதோடு பொருந்துகிறது என்று பார்க்கக் கண் பழகியிருக்காது. காலிப்பரைத் தலைகீழாகப் பிடிப்பவர்களும் உண்டு. அடுத்து ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இந்தக் குறியீடு என்ன என்று கேட்பார். இந்த இரண்டையும் தடுமாறாமல் செய்தவரிடம் "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்ற கேள்வி வரும். தடுமாறியவருக்குத் தொகையை அவர்களே சொல்லிவிடுவார்கள். கல்லூரி லேபில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக் காலம் போக்கியவர்கள், ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாதம் நின்றுவிட்டுப் போங்கள்.

சிவில் படித்தவர்களுக்குத் தொடக்கம் குறைவு, சைட்டில் 12,000 முதல் 18,000 வரை. தங்குமிடம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அளவு எடுத்துப் பில் போடத் தெரிந்தபின் வேகமாக ஏறும். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளிலும் மெயின்டனன்ஸ் ஆள் எடுப்பார்கள். அது சீசன் தொழில். மே முதல் ஜூலை வரை தூக்கம் இருக்காது, மற்ற மாதங்களில் என்ன சம்பளம் என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

பெங்களூருவில் 4 லட்சம், ஓசூரில் 3.60 லட்சம். எது மேல்?

ஆண்டுக் கணக்கில் நாற்பதாயிரம் வித்தியாசம். மாதம் மிஞ்சுவதை வைத்துப் பாருங்கள்.

4 லட்சத்துக்குக் கைக்கு வருவது 28,000 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இரண்டு பேர் தங்கும் பி.ஜி. விடுதி சாப்பாட்டோடு 10,000. மதியச் சாப்பாடு, டீ 3,000. உள்ளூர்ப் போக்குவரத்து 2,000. இரண்டு வாரத்துக்கொரு முறை ஊருக்கு வந்துபோக 1,500. மிஞ்சுவது 11,500. கர்நாடகத்திலும் தொழில் வரி உண்டு, மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300; அது கைக்கு வருமுன்பே பிடிபடும்.

ஓசூரில் மேலே போட்ட கணக்குப்படி 22,470. வீடு காவேரிப்பட்டணத்திலோ சூளகிரியிலோ இருந்து, கம்பெனி பஸ்ஸும் கேண்டீனும் இருந்தால் சொந்தச் செலவு மூவாயிரத்தைத் தாண்டாது. 19,000 மிஞ்சும். ஓசூரிலேயே ரூம் எடுத்தாலும் பெங்களூருவை விடக் குறைவு.

ஆனால் பணக்கணக்கு மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். சாஃப்ட்வேர் படித்தவர் பெங்களூருவில் இரண்டாண்டு இருந்தால் அடுத்த கம்பெனிக்குத் தாவும்போது சம்பளம் ஒன்றரை, இரண்டு மடங்காக வாய்ப்பு உண்டு. ஓசூர் உதிரிபாகக் கம்பெனியில் அந்தத் தாவல் அவ்வளவு எளிதில்லை. மெக்கானிக்கல் ஆளுக்கோ நிலைமை நேர்மாறு. அவர் தொழில் கற்கும் இடமே இங்கேதான். சாஃப்ட்வேர் என்றால் பெங்களூரு, ஆலை வேலை என்றால் ஓசூர் என்பது என் கட்சி.

தினமும் ஓசூரிலிருந்து பெங்களூரு போய்வருவதும் முன்பு போல நரகம் இல்லை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி அதுவரை போய்விட்டால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க்போர்டு வழியாக ரயிலிலேயே ஆர்.வி. ரோடு வரை. தருமபுரிக்காரர்களுக்கு பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயில் இருக்கிறது, ஆனால் ஷிப்ட் நேரத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே இல்லை, பஸ்தான்.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் வேலை போய்விடுமா?

கேம்பஸில் கேட்டுப் பயனில்லை. நூறு பேருக்கு ஒரே தொகை. தனியாகப் போய் இன்டர்வியூ கொடுத்து வாங்கும் வேலையில் கேட்கலாம், கேட்டதற்காக யாரும் விரட்டியதாக நான் பார்த்ததில்லை. எடுத்த எடுப்பில் முப்பதாயிரம் என்று அடிக்காதீர்கள். அவர்கள் சொல்லும் தொகைக்கு மேல் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் பேச இடம் இருக்கும். சம்பளம் நகராது என்றால் வேறு கேளுங்கள்: பஸ் உண்டா, கேண்டீனுக்குப் பிடித்தம் எவ்வளவு, ஆறு மாதத்தில் பரிசீலனை என்று லெட்டரில் எழுதித் தருவார்களா?

"வீட்டில் கஷ்டம் சார்" என்பது கூட்டிக் கேட்கக் காரணம் ஆகாது. எதிரே இருப்பவர் வீட்டிலும் அதே கஷ்டம்தான். "புராஜெக்டில் இந்த ஃபிக்ஸ்சரை நானே வடிவமைத்துச் செய்தேன், இதோ படம்" என்றால் காது கொடுப்பார்கள்.

பி.இ. முடித்துவிட்டு ஆப்பரேட்டர் வேலைக்குப் போகலாமா?

போகிறார்கள். சில ஆலைகளில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. ஆட்களுக்கு மட்டும் என்று இருக்கும் வேலைக்கு பி.இ. சான்றிதழை மறைத்துவிட்டுச் சேர்கிறவர்களும் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆப்பரேட்டருக்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேரம், பார்த்தால் சட்டப்படி இரட்டைச் சம்பளம், ஜி.இ.டி.க்குப் பெரும்பாலும் ஓ.டி. என்ற பேச்சே இல்லை, இரவு ஒன்பது மணி வரை இருந்தாலும் அதே சம்பளம். மாதக் கடைசியில் ஆப்பரேட்டர் கையில் கூடுதலாக இருப்பதும் நடக்கும்.

ஆறு மாதம், ஓராண்டுக்கு என்றால் தவறில்லை. மெஷினைத் தொட்டவனுக்கு அது எங்கும் உதவும். ஆனால் மறைத்துச் சேராதீர்கள். பின்னால் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தைக் காட்டவும் முடியாது, காட்டாமல் இருக்கவும் முடியாது, பி.எஃப். கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

என் பொண்ணுக்கு ஓசூர்ல வேலை வந்திருக்கு. நைட் ஷிப்ட் இருக்குமாம். சம்பளம் பசங்களுக்குச் சமமா குடுப்பாங்களா சார்?

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், அதில் ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்பது 1976 முதல் சட்டம். பெரிய ஆலைகளில் தொடக்கச் சம்பளத்தில் வித்தியாசம் பார்த்ததில்லை அம்மா. நைட் ஷிப்டுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். போக்குவரத்தும் பாதுகாப்பும் கம்பெனியின் பொறுப்பு. ஹாஸ்டல் தருகிறார்கள் என்றால் அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு முறை நேரில் போய்த் தங்குமிடத்தையும், பஸ் எங்கே இறக்கிவிடுகிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். "போகாதே" என்று சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாண்டு பாண்ட் கேட்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழும் வேண்டுமாம்.

இரண்டும் வேறு வேறு. பாண்ட் என்பது இத்தனை காலத்துக்குள் விலகினால் இவ்வளவு கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்; அது செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே நேரம், எந்தத் தொகை எழுதினாலும் அப்படியே வசூலித்துவிடவும் முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. பயிற்சி என்ற பேரில் ஒன்றுமே கற்றுத் தராத இடம் லட்சக்கணக்கில் எழுதி வாங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டு வாரம், பத்து வாரம் உண்மையாகவே பயிற்சி தருகிற இடம் ஓராண்டு இருக்கச் சொன்னால் அது நியாயம்.

ஒரிஜினல் சான்றிதழ் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், சரிபார்த்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்து வைத்துக்கொண்டு நாலு மாதம் அலையவிட்ட கதைகள் எங்கள் பக்கம் நிறைய.

ஒரு கன்சல்டன்சியில் 30,000 கட்டினால் ஆன்-ரோல் வாங்கித் தருகிறார்களாம்...

கட்டாதீர்கள். ஒழுங்கான கம்பெனி ஆள் தேடித் தருகிறவருக்குத் தானே பணம் கொடுக்கும். சீருடைக் கட்டணம், டிரெய்னிங் டெபாசிட், மெடிக்கல் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் கம்பெனிப் பெயர் இருந்தால், அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

எஜுகேஷன் லோன் இருக்கிறது. 18,000 சம்பளத்தில் கட்ட முடியுமா?

4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டு என்றால் தவணை மாதம் சுமார் 5,300. 18,000 கிராஸ், பேசிக் 12,000 என்று வைத்தால் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 135, தொழில் வரி 208 போகக் கையில் 16,200 வரும். தவணை கட்டினால் பதினோராயிரத்துக்குக் கீழே. வீட்டிலிருந்து போய்வந்தால் ஓட்டலாம், வெளியே தங்கினால் இழுபறிதான்.

பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு. கடன் வாங்கும்போதே வருமானச் சான்று கொடுத்திருக்கிறீர்களா என்று கிளையில் போய்க் கேளுங்கள். முதல் சம்பளத்தில் வட்டியை மட்டுமாவது கட்டத் தொடங்கினால் அசல் வீங்காது. பைக் தவணையை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தனியார் வேண்டாம், அரசு வேலைக்கே படிக்கிறேன். அங்கே எவ்வளவு?

டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் பொறியாளர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 37,700-இல் தொடங்கும், டி.ஏ., வீட்டு வாடகைப் படி தனி. மத்திய அரசிலும் ரயில்வேயிலும் ஜூனியர் இன்ஜினியருக்கு 35,400. கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களில் இதைவிடக் கூடுதல். இந்தத் தொகைகளைப் பார்த்தால் ஓசூர் 18,000 அற்பமாகத்தான் தெரியும்.

காலியிடம் எத்தனை, எழுதுகிறவர்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தருமபுரியில் நூலகமே கதி என்று நாலைந்து ஆண்டு உட்கார்ந்தவர்களைத் தெரியும். சிலர் ஜெயித்தார்கள், பலர் இருபத்தேழு வயதில் ஃப்ரெஷராக எங்களிடம் வந்தார்கள். இரண்டாண்டு என்று எல்லை வைத்துக்கொள்வது நல்லது. ஜெனரல் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே எழுதித் தேறியவர்களும் இருக்கிறார்கள், கஷ்டம்தான்.

இரண்டாவது வருஷம் எவ்வளவு ஏறும்?

சேரும்போதே கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை! ஜி.இ.டி.க்கு ஓராண்டு முடிந்து நிரந்தரம் ஆகும்போது ஒரு நல்ல உயர்வு இருக்கும், அது லெட்டரிலேயே இருக்கும் இடங்களும் உண்டு. சிறு கம்பெனிகளில் ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம். அங்கே இரண்டு மூன்று ஆண்டு தொழில் கற்றுக்கொண்டு வெளியே போவதுதான் வழக்கம், முதலாளிகளுக்கும் அது தெரியும். 21,000-க்குள் வாங்குகிறவருக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீத போனஸ் உண்டு. ஆண்டில் முப்பது நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதிதான். அதையும் சி.டி.சி.யில் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சேர்ந்தவுடன் முதல் சம்பளம் எப்போது வரும்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். ஆனால் மாதம் 20-க்கு மேல் சேர்ந்தால் பல இடங்களில் அந்த மாதப் பட்டியல் அதற்குள் மூடியிருக்கும். அந்தப் பத்து நாள் சம்பளம் அதற்கடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். அதனால் வெளியூரில் தங்கப் போகிறவர்கள் நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கான காசைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பி.ஜி. அட்வான்ஸும் அதில் அடக்கம்.

ஆதாரில் உள்ள பெயர், பான் கார்டில் உள்ள பெயர், பேங்க் கணக்கில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் விரித்து என்று இருந்தால் பி.எஃப். எண் உருவாகாமல் நிற்கும். ஏற்கெனவே எங்காவது பார்ட் டைமில் பி.எஃப். பிடித்திருந்தால் அந்த யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், புதிதாக வேண்டாம். வேலையை விட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு மாதம் இழுக்கும், மெயில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள். பேஸ்லிப்பை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; விலகியபின் கம்பெனி லாகின் வேலை செய்யாது, அடுத்த கம்பெனியோ கடைசி மூன்று மாத ஸ்லிப் கேட்கும்.